பாட்டுக்குக் கீழே ஊர் பெயர் எழுதியவர்

கட்டபொம்மன் என்றாலே நமக்கு சிவாஜி கணேசன்தான் ஞாபகத்துக்கு வருவார். அந்தப் படம் வந்தது 1959-ல். ஆனா அதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே நெல்லைச் சீமையில் கட்டபொம்மன் கதையை ஜனங்க பாட்டாகப் பாடிட்டு இருந்தாங்க. இந்த மாதிரிப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து, இதுவும் வரலாறுதான் என்று நிரூபித்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. சுருக்கமா நா.வா.

1917 டிசம்பர் 7-ல் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிறந்தார். எல்லாரும் அவரைப் பேராசிரியர் என்று கூப்பிட்டாலும் எந்தப் பல்கலைக்கழகத் துறையும் அவர் கையில் இல்லை. பாளையங்கோட்டையில் டுட்டோரியல் கல்லூரி நடத்தித்தான் பிழைப்பு. கம்யூனிஸ்ட். உழைக்கிற மக்களோட வரலாறு ராஜாக்களோட கல்வெட்டில் முழுசா இருக்காது, அவங்க பாட்டிலும் கதையிலும்தான் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

அவர் தொகுத்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' புத்தகத்தைத் திறந்தால் தாலாட்டு, காதல், உழவு, ஒப்பாரி என்று மனுஷ வாழ்க்கை மொத்தமும் இருக்கு. எனக்கு அதில் பிடிச்ச விஷயம் வேற. பாட்டுக்குக் கீழே யார் சேகரித்தது, எந்த ஊரில் சேகரித்தது என்று இருக்கும். 'வட்டார வழக்கு' என்று தலைப்புப் போட்டு, பாட்டில் வரும் பேச்சுச் சொல்லுக்கு அர்த்தமும் இருக்கும். பாட்டில் இருக்கிற பேச்சு மொழியை இலக்கணத் தமிழாக மாற்றி அவர் அழகுபடுத்தவில்லை. நம்ம பாஷையில் சொன்னால், டேட்டாவை எடிட் பண்ணாமல் மெட்டாடேட்டா சேர்த்திருக்கார். சேகரித்தவர்களில் விளாத்திகுளம் பக்கத்து எஸ்.எஸ். போத்தையா மாதிரியான பள்ளி ஆசிரியர்களும் உண்டு. அவங்க பெயரை விழுங்கிவிட்டு எல்லாம் நான்தான் என்று நா.வா. போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சொல்லைக்கூட மாத்தக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம் ஏன்? முத்துப்பட்டன் கதையைப் பார்த்தால் புரியும்.

முத்துப்பட்டன் ஒரு பிராமண இளைஞன். பாபநாசம் மலைப்பக்கம் பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் பெண்கள் இரண்டு பேர் மேல் ஆசைப்படுகிறான். அவங்க அப்பா வாலப்பகடை கண்டிஷன் போடுகிறார். பூணூலையும் குடுமியையும் அறுத்துட்டு, செருப்புத் தைச்சு எங்களில் ஒருத்தனா வாழணும் என்கிறார். பட்டன் அப்படியே செய்கிறான். கல்யாணம் ஆன கையோடு, மாடு திருட வந்தவங்களோட சண்டை போட்டு செத்துப்போகிறான். அந்தப் பெண்களும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள்.

வில்லுப்பாட்டில் பாடுற இந்தக் கதை அச்சுக்கு வந்தப்போ ஒரு சின்ன ட்விஸ்ட் சேர்ந்திருந்தது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணர் வீட்டில் பிறந்தவங்களாம், காட்டில் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம்! இந்த இடத்தைத்தான் நா.வா. பிடிச்சார். சாதியை மீறின கல்யாணத்தை ஏத்துக்க முடியாதவங்க பின்னாடி சேர்த்த பகுதி இது என்று விளக்கினார். பாட்டில் நாலு வரி சேர்த்தால் போதும், ஒரு மனுஷன் செஞ்ச தியாகமே அர்த்தமில்லாமல் போயிடும். யார் எதை, எதுக்காக மாத்தினாங்க என்று கண்டுபிடிக்க, வேற வேற பிரதிகள் நம்ம கையில் இருக்கணும். இன்னைக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு ஜனங்க செருப்பைத்தான் காணிக்கையாகக் கொடுக்கிறாங்க. அச்சில் மாத்தினதை ஜனங்களோட வழிபாடு மாத்தவில்லை.

முத்துப்பட்டன் கதை, கட்டபொம்மு கதைப்பாடல், கான்சாகிபு சண்டை எல்லாம் 1970-களின் தொடக்கத்தில் அவர் பதிப்பில் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன.

1967-ல் 'நெல்லை ஆய்வுக் குழு' தொடங்கினார். பெரிய பட்டம் இல்லாதவங்களும் அங்கே கட்டுரை வாசிக்கலாம். மத்தவங்க கேள்வி கேட்பாங்க, பதில் சொல்லணும். 1969-ல் 'ஆராய்ச்சி' என்ற காலாண்டு இதழையும் ஆரம்பித்தார். ஆ. சிவசுப்பிரமணியன் மாதிரி முக்கியமான ஆய்வாளர்கள் இந்தக் குழுவிலிருந்துதான் வந்தாங்க.

நம்ம காலேஜ் பசங்களுக்கு இன்னொரு செய்தி. அறிவியலைத் தமிழில் எழுத முடியாது என்று சொன்னவங்களுக்குப் பதிலாக 'தமிழில் முடியும்' என்ற நூலையே கொண்டு வந்தவர் இவர். 'இரும்பின் கதை', 'ரப்பரின் கதை' என்று எளிமையான அறிவியல் புத்தகங்களும் எழுதியிருக்கார். மெட்டீரியல் சயின்ஸை இங்கிலீஷில் மட்டுமே படிக்கிற நாம இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

1980 பிப்ரவரி 2-ல் நா.வா. காலமானார். போன் ரெக்கார்டர்கூட இல்லாத காலத்தில் அவரும் நண்பர்களும் ஊர் ஊராகப் போய்க் கேட்டு, கையால் எழுதிச் சேர்த்தாங்க. நம்ம பாக்கெட்டில் ரெக்கார்டர் இருக்கு. லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஆச்சியையோ அப்பத்தாவையோ ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்க. சொல் புரியவில்லை என்றால் அவங்ககிட்டயே அர்த்தம் கேளுங்க. பாட்டைத் திருத்தாதீங்க. ஃபைல் பெயரில் பாடினவங்க பெயர், ஊர், தேதி மூணையும் மறக்காமல் போடுங்க.