நெஞ்சு கரிக்குதா, அடைக்குதா? மருத்துவத்தைத் தமிழில் கற்றுக்கொடுத்த டாக்டர் கிரீன் யார்?

கிள்ளானில் ஒரு மருத்துவமனை வார்டு. நீங்கள் அங்கே பயிற்சித் தாதி என்று வைத்துக்கொள்வோம். எழுபது வயதுப் பாட்டி ஒருவர், நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கும்மா என்கிறார். நெஞ்சு கரிக்குதா, அடைக்குதா, குத்துதா? கேட்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் மூன்றும் ஒன்றல்ல.

கரிப்பது பெரும்பாலும் வயிற்று அமிலம் மேலே வருவதால் இருக்கலாம். அடைத்தால் இதயத்தை உடனே கவனிக்க வேண்டும். மாரடைப்பு சிலருக்கு எரிச்சலாகவும் தெரியும் என்பதால் முடிவு டாக்டருடையது. ஆனால் பாட்டி சொன்ன சொல்லை டாக்டரிடம் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை.

நீங்கள் படித்தது ஆங்கிலத்திலும் மலாயிலும். பாட்டிக்குத் தெரிந்ததோ தமிழ்தான். இந்த இடைவெளியைப் பற்றி ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தீவிரமாக யோசித்தார். அவர் தமிழர் அல்ல, அமெரிக்கர். பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

யார் இந்த கிரீன்?

1822 அக்டோபரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

முதலில் வட்டுக்கோட்டை. அடுத்த ஆண்டு மானிப்பாய்க்கு இடம் மாறினார். அங்கேயே நோயாளிகளைப் பார்த்தார், 1848இல் சில இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் சொல்லிக்கொடுக்கவும் தொடங்கினார். இலங்கையில் மேற்கத்திய மருத்துவக் கல்வியின் ஆரம்பங்களில் ஒன்று அந்த வகுப்பு. கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி திறந்ததே 1870இல்தான்.

கிரீன் மதம் பரப்ப வந்த மிஷனரி. அதை அவர் மறைக்கவில்லை, நாமும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கிறிஸ்தவர்களாக மாறுகிறவர்கள்கூட ஐரோப்பியர்களைப் போல உடுத்தி நடக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தமிழர்கள் தமிழர்களாகவே இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

ஏன் தமிழுக்கு மாறினார்?

ஆரம்பத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. போகப் போக ஒரு பிரச்சினை தெரிந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் நல்ல சம்பளம் கிடைக்கும் இடங்களைத் தேடிப் போனார்கள். கிராமத்துக்குத் திரும்புகிறவர்கள் குறைவு. நோய் இருந்தது கிராமத்தில், மருத்துவர் இருந்தது வேறெங்கோ.

தமிழில் படித்தால் ஊரிலேயே தங்குவார்கள், மக்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசுவார்கள் என்பது கிரீனின் கணக்கு. பத்தாண்டு உழைப்புக்குப் பிறகு உடல்நலம் குன்றி அமெரிக்கா சென்றவர், 1862இல் மனைவி மார்கரெட்டுடன் திரும்பி வந்தார். 1864இல் தொடங்கிய மருத்துவ வகுப்பு முழுக்கத் தமிழில் நடந்தது.

புத்தகம் இல்லாமல் வகுப்பா?

இங்கேதான் உண்மையான வேலை ஆரம்பமானது. மேற்கத்திய மருத்துவத்தைச் சொல்லும் பாடநூல் தமிழில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆகவே கிரீன் தமிழைக் கற்றுத் தேர்ந்து, மாணவர்களைக் கூட வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க இறங்கினார். டான்போர்த், சாப்மன் என்று அமெரிக்கப் பெயர்கள் சூட்டப்பட்ட தமிழ் மாணவர்களும் இதில் பெரும் பங்கு வகித்தார்கள்.

1852இல் வந்த முதல் நூலின் பெயரைக் கேளுங்கள்: அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். பயந்துவிட வேண்டாம். அங்காதிபாதம் என்றால் அனாட்டமி, சுகரணவாதம் என்றால் பிசியாலஜி, உற்பாலனம் என்றால் ஹைஜீன்.

பிறகு 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம் என்று வரிசையாக வந்தன. இரண வைத்தியம் என்பது சர்ஜரி. மனுஷ அங்காதிபாதம், உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் புரட்டும் கிரேயின் அனாட்டமி நூலின் தமிழாக்கம். மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேல்.

சொற்களை எப்படி உருவாக்கினார்கள்?

ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறதா என்று தேடுவார்கள். இல்லையென்றால் சமஸ்கிருதம். அதிலும் சரிவரவில்லை என்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதுவார்கள். நூல்களின் தலைப்பிலேயே இதைப் பார்க்கலாம். அங்காதிபாதம் சமஸ்கிருத வழி வந்தது. கெமிஸ்தம், கெமிஸ்ட்ரி என்பதன் தமிழ் உருவம். மருத்துவச் சொற்களுக்குத் தனி அகராதிப் பட்டியல்களும் தயாரித்தார்கள்.

எல்லாச் சொல்லும் நிலைக்கவில்லை. அங்காதிபாதம் இன்று உடற்கூற்றியல் ஆகிவிட்டது. இரண வைத்தியம் அறுவை சிகிச்சை ஆனது. கெமிஸ்தம் போய் வேதியியல் வந்தது. சொல் மாறுவது தோல்வி அல்ல. நவீன மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்பதை அவர் செய்து காட்டினார்.

பிறகு என்ன ஆனது?

கிரீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கியிருந்தார். வூஸ்டர் போன பிறகும் தமிழ் மொழிபெயர்ப்பை நிறுத்தவில்லை. 1884 மே மாதம் அங்கேயே இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டுக்கொண்டார், அப்படியே பொறித்தார்கள். மானிப்பாயில் அவர் பெயரால் கிரீன் நினைவு மருத்துவமனை இருக்கிறது.

ஆனால் தமிழில் மருத்துவம் கற்பிக்கும் முயற்சி அவருக்குப் பின் நீடிக்கவில்லை. அரசு வேலைக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர்கள் கப்பல் ஏறினார்கள். எங்கே? மலாயாவுக்கு!

ரயில்வே, கருவூலம், மருத்துவமனை என்று பல அலுவலகங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் குடியேறிய அடையாளமாக ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலை இன்றும் பார்க்கலாம். படித்தவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள் என்று கிரீன் அஞ்சியது நடந்தது. அந்தப் பயணத்தின் இன்னொரு முனையில்தான் இன்று நீங்கள் நிற்கிறீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து ரப்பர் தோட்டங்களில் உழைத்தவர்களுக்கோ டாக்டரைப் பார்ப்பது அரிது. அவர்களுக்குத் தெரிந்த மருத்துவர் தோட்டத்து டிரெசர்தான். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ, அவரிடம் தமிழில் சொன்னால் போதும். இன்று தோட்டங்களை விட்டு நகரத்துக்கு வந்துவிட்டோம். டிரெசர் இல்லை. அந்த இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

கிரீனின் ஒழுங்கையே பின்பற்றலாம். முதலில் நோயாளிக்குத் தெரிந்த சொல். டயபெட்டிஸ் நூலில் நீரிழிவு, ஆனால் தாத்தா இனிப்பு நீர் என்பார். ஹை பிளட் பிரஷர் உயர் இரத்த அழுத்தம், வீட்டில் இரத்தக் கொதிப்பு. அனீமியா இரத்தசோகை. ஸ்ட்ரோக் பக்கவாதம். டீஹைட்ரேஷன் நீரிழப்பு, அதை உடம்பில் தண்ணி கொறைஞ்சிருக்கு என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும்.

உறுப்புகளுக்கு அருமையான சொற்கள் இருக்கின்றன: கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், சிறுநீரகம், கணையம். இவற்றைச் சொல்லும்போது கையால் இடத்தையும் காட்டுங்கள். ஸ்கேன், எக்ஸ்ரே, ஊசி போன்றவற்றை அப்படியே சொல்லலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வலியைக் கேட்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். குத்துதா, கடுக்குதா, எரியுதா, மரத்துப்போச்சா, இழுக்குதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மூச்சு வாங்குவது வேறு, மூச்சு முட்டுவது வேறு. தலை வலிப்பது வேறு, தலை சுற்றுவது வேறு. எது என்று தெரிந்துகொண்டு, நோயாளி சொன்னதைக் குறிப்பில் சரியாக எழுதுங்கள்.

முதல் வகுப்பிலேயே எல்லாச் சொல்லும் வந்துவிடாது. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, தினமும் வார்டில் காதில் விழும் இரண்டு சொற்களை எழுதிவையுங்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் நம் மொழியைக் கற்று அதில் 4,000 பக்கம் எழுத முடிந்தது என்றால், நம் வீட்டுப் பாட்டி பேசும் சொற்களை நம்மால் கற்றுக்கொள்ள முடியாதா?