துப்பாக்கியைக் கீழே வைத்த வேட்டைக்காரர்

ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப்போய்ச் சுட்டு வீழ்த்தியவர் கென்னத் ஆண்டர்சன். பிற்காலத்தில் துப்பாக்கியை வைத்துவிட்டு, காமிராவுடன் காட்டுக்குள் நடந்தவரும் அவரே.

ஸ்காட்லாந்து வம்சாவளியைச் சேர்ந்த ஆண்டர்சன், 1910-ம் ஆண்டு மார்ச் 8-ந்தேதி ஐதராபாத்தை அடுத்த பொல்லாரத்தில் பிறந்தார். பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் படித்தார். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கன்னடமும் தமிழும் பேசுவார். ஓய்வு கிடைத்தால் காட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

சாமலா பள்ளத்தாக்கு

திருப்பதி மலையை ஒட்டிய சாமலா பள்ளத்தாக்கும், ரேணிகுண்டாவுக்கு வடக்கே உள்ள மாமண்டூரும் அவருக்குப் பிடித்த காடுகள். செம்மரம் விளையும் பூமி அது. சாமலா பள்ளத்தாக்கின் ஆட்கொல்லிப் புலியை அவர் வேட்டையாடிய கதை, 1954-ல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்தில் இருக்கிறது.

எந்தப் புலியும் காரணமின்றி ஆட்கொல்லி ஆவதில்லை என்பது அவர் அனுபவத்தில் கண்டது. அரைகுறையாகச் சுட்டதால் ஏற்பட்ட காயமோ, முள்ளம்பன்றியின் முள்ளோ புலியை முடமாக்கும். மானைத் துரத்த முடியாத புலி, மனிதனை நாடும். பல சமயம் முதல் தவறு மனிதனுடையதுதான். இரவில் வாகனத்தில் வந்து, விளக்கடித்து விலங்குகளைச் சுடுவோரை அவர் வெறுத்தார்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974 ஆகஸ்டு 30-ந்தேதி ஆண்டர்சன் பெங்களூரில் காலமானார்.

பூங்காவும் பயணிகளும்

திருமலையைச் சூழ்ந்த காட்டில் 353 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1989-ல் வெங்கடேசுவரா தேசியப் பூங்கா ஆனது. தலக்கோனா அருவியைக் காணவும், மாமண்டூர் விடுதியில் தங்கவும் பயணிகள் வருகிறார்கள். அதனால் சுற்றுப்புற கிராமத்தாருக்குப் பிழைப்பும் கிடைக்கிறது. காட்டைக் காப்பதில் அவர்களுக்கும் அக்கறை பிறக்க இது ஒரு வழி.

ஆனால் கூட்டம் பெருகினால் குப்பையும் பெருகும். எச்சில் பண்டங்களைத் தேடி நாயும் பன்றியும் வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். 2023 ஆகஸ்டில், அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தார்கள். பிற்பகல் 2 மணிக்குமேல் சிறுவர்கள் நடந்து செல்லவும் தடை வந்தது.

உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் காட்டில் நடப்பது ஆண்டர்சனின் வழக்கம். இன்று அந்தக் காட்டுக்குப் போகிறவர்கள் அவரிடம் கற்க வேண்டியது, அவருடைய வேட்டையை அல்ல, அந்த நடையை.