கொடி தந்தவர், கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர்

உலகக் கோப்பைக் கால்பந்து வந்துவிட்டால் நம் குடியிருப்பின் விளையாட்டுத் திடலில் வெளிர் நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட சட்டைகள் பத்தாவது கண்ணில் படும். மெஸ்ஸியின் பெயர் தெரியாத பிள்ளை இங்கே இல்லை. ஆனால் அந்த இரண்டு நிறங்களை அர்ஜென்டினாவுக்குக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் பெரியவர்களுக்கும் தெரியாது. அவர் பெயர் மனுவேல் பெல்கிரானோ. அவர் இறந்த ஜூன் 20ஆம் தேதியைத்தான் அந்த நாடு கொடி நாளாகக் கொண்டாடுகிறது.

பெல்கிரானோ 1770 ஜூன் 3 அன்று புவெனோஸ் அயர்ஸ் நகரில் பிறந்தார். தந்தை இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய வசதியான வியாபாரி. மகனைச் சட்டம் படிக்க ஸ்பெயினுக்கு அனுப்பினார். பிரான்சில் புரட்சி வெடித்த காலம் அது. சமத்துவம், கல்வி, பொருளாதாரம் பற்றிய புதிய சிந்தனைகளோடு ஊர் திரும்பிய இளைஞருக்கு, 1794இல் வணிகக் கழகத்தின் செயலாளர் பதவி கிடைத்தது. விவசாயம் பெருக வேண்டும், ஏழைப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஆண்டுதோறும் எழுதிக் கொடுத்தார்.

அப்போது அந்த நாடு ஸ்பெயினின் காலனி. 1810 மே மாதப் புரட்சியில் புவெனோஸ் அயர்ஸ் மக்கள் தங்களுக்கென ஓர் ஆட்சிக் குழுவை அமைத்தபோது, பெல்கிரானோவும் அதில் ஓர் உறுப்பினர். போர்க்கலை படிக்காத அந்த வக்கீலைப் படைத்தலைவராக அனுப்பினார்கள். ஆள் பற்றாக்குறை அப்படி.

1812இல் பரானா ஆற்றங்கரையில், இன்று ரொசாரியோ நகரம் இருக்கும் இடத்தில், பீரங்கி மேடைகள் அமைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அங்கே ஒரு சிக்கல். எதிரிப் படையும் ஸ்பெயினின் சிவப்பு, மஞ்சள் நிறங்களையே பயன்படுத்தியது. தம் படையும் அதையே பயன்படுத்தியது. யார் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? வீரர்கள் தொப்பியில் குத்திக்கொள்ள வெள்ளையும் வெளிர் நீலமுமான சின்னத்துக்கு அரசிடம் அனுமதி கேட்டார். கிடைத்தது. அதே நிறங்களில் ஒரு கொடியும் தைக்கச் சொல்லி, பிப்ரவரி 27 அன்று ஆற்றங்கரையில் ஏற்றினார். அதற்கு மட்டும் அனுமதி கேட்கவில்லை.

தலைநகரில் இருந்தவர்கள் பதறிப்போனார்கள். காரணம், ஸ்பெயின் மன்னர் ஏழாம் பெர்டினாந்தின் பெயரால்தான் அவர்கள் இன்னும் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார்கள். தனிக்கொடி என்றால் தனிநாடு என்று அறிவித்ததாகிவிடும். கொடியை உடனே மறைத்துவிடச் சொல்லி உத்தரவு போனது. அது போய்ச் சேருவதற்குள் பெல்கிரானோ வடக்குப் படையின் தலைமையை ஏற்கக் கிளம்பிவிட்டார். விஷயம் தெரியாமலே மே 25 அன்று ஹூஹூய் நகரில் பாதிரியாரைக் கொண்டு கொடிக்கு ஆசி பெற்று, மக்கள் முன் காட்டினார். மறுபடியும் கண்டனம் வந்தது. கொடியை எடுத்து வைத்துவிடுகிறேன், யாராவது கேட்டால் ஒரு பெரிய வெற்றிக்காகப் பத்திரப்படுத்தியிருக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறேன் என்று வருத்தத்தோடு பதில் எழுதினார்.

அந்த வெற்றி சீக்கிரமே வந்தது. ஆகஸ்டில் பெரும்படை நெருங்கியதும், எதிரிக்கு ஒரு மணி தானியம்கூடக் கிடைக்கக்கூடாது என்று ஹூஹூய் மக்கள் அனைவரையும் ஊரைக் காலி செய்துகொண்டு தம்மோடு வரச் சொன்னார். மேலும் பின்வாங்கச் சொன்ன அரசின் உத்தரவை மீறி, செப்டம்பர் 24 அன்று துக்குமானில் நின்று போரிட்டு வென்றார். 1813 பிப்ரவரி 20 அன்று சால்டாவில் மீண்டும் வெற்றி. இந்த முறை கொடி படையின் முன்னால் பறந்தது.

மகிழ்ந்துபோன பேரவை அவருக்கு 40,000 பெசோ பரிசளித்தது. அன்றைக்கு அது பெரும் செல்வம். ஒரு காசும் எடுத்துக்கொள்ளாமல், தரிஹா, ஹூஹூய், துக்குமான், சாந்தியாகோ டெல் எஸ்தெரோ ஆகிய நான்கு ஊர்களில் பள்ளி தொடங்க அதை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 500 பெசோ. அதில் 400 ஆசிரியர் சம்பளம், 100 ஏழைப் பிள்ளைகளின் காகிதம், மை, புத்தகத்துக்கு. பொது விழாக்களில் ஆசிரியருக்கு மரியாதையான இருக்கை தர வேண்டும் என்றுகூட விதி எழுதினார். ஆனால் பணம் அரசுகளின் கையில் கரைந்தது. ஹூஹூய்க்கு உரிய பள்ளி 2004இல்தான் திறக்கப்பட்டது.

பிறகு தோல்விகளும் வந்தன. வில்காபூஹியோவிலும் அயோஹூமாவிலும் படை சிதறியது. ஆனாலும் கொடி நிலைத்தது. 1816 ஜூலை 9 அன்று துக்குமான் மாநாடு விடுதலையை அறிவித்தது. ஜூலை 20 அன்று வெளிர் நீல, வெள்ளைக் கொடியைத் தேசியக் கொடியாக ஏற்றது. நடுவில் உள்ள பொன்னிறச் சூரியன் 1818இல் சேர்ந்தது. அது மே புரட்சியின் அடையாளம். இன்கா மக்கள் வணங்கிய சூரியக் கடவுளையும் நினைவூட்டுவது. நிறங்களுக்கு வானமும் மேகமும் என்று ஒரு விளக்கம், மரியன்னையின் ஆடை என்று இன்னொன்று, ஸ்பெயின் அரச குடும்பத்தின் நிறங்கள் என்று மூன்றாவது. இன்றும் அங்கே விவாதம் ஓயவில்லை.

உடல் வீங்கும் நோயோடு ஊர் திரும்பிய பெல்கிரானோவிடம் மருத்துவருக்குக் கொடுக்கக் காசில்லை. இங்கிலாந்து மன்னரிடமிருந்து பரிசாக வந்த கைக்கடக்கமான கடிகாரத்தை ரெட்ஹெட் என்ற அந்த மருத்துவரிடம் கொடுத்தார். 1820 ஜூன் 20 அன்று, ஐம்பதாவது வயதில் இறந்தார். ஆட்சிக்கு ஒரே நாளில் மூன்று பேர் உரிமை கொண்டாடிய குழப்பமான நாள் அது. அவர் மரணத்தை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. வீட்டு அலமாரி ஒன்றின் மேல் இருந்த பளிங்குப் பலகையே கல்லறைக் கல்லானது.

இன்று ரொசாரியோவில் அவர் கொடி ஏற்றிய இடத்தில் 70 மீட்டர் உயரக் கோபுரத்தோடு நினைவுச் சின்னம் நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் அர்ஜென்டினா முழுவதும் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கொடிக்கு முன் உறுதிமொழி எடுக்கிறார்கள். பள்ளிக்கூடம் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டவருக்கு இதைவிடப் பொருத்தமான அஞ்சலி இல்லை.

அடுத்த முறை நம் திடலில் அந்த நீல வெள்ளைச் சட்டையைப் பார்த்தால், அதைப் போட்டிருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.