அவையில் ஒலித்த உழவர் குரல்: ஏ. கே. கோபாலன்

உழவரின் துன்பம் வயலோடு நின்றுவிட்டால் அதற்குத் தீர்வு பிறப்பதில்லை. அது சட்டம் இயற்றும் அவையை எட்ட வேண்டும். அவையில் பேசப்படுவது செய்தித்தாள்களின் வழியே மக்களைச் சென்றடைய வேண்டும். இவ்விரு வழிகளும் அடைபடக் கூடாது என்று வாழ்நாள் முழுவதும் போராடியவர், ஏ. கே. ஜி. என்று கேரள மக்கள் அன்போடு அழைத்த ஏ. கே. கோபாலன்.

இவர் 1904ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், வட கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியில் பிறந்தார். இளமையில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1930இல் உப்பு அறப்போரில் பங்கேற்றுச் சிறை சென்றார். அதன்பின் குருவாயூர்க் கோயில் நுழைவுப் போராட்டத்தில் தொண்டர் படைக்குத் தலைமை தாங்கினார். அக்காலத்தில் மலபாரின் நிலங்கள் ஜன்மிகள் எனப்பட்ட நிலக்கிழார்களிடம் இருந்தன. குத்தகை செலுத்த இயலாத குடியானவர்கள் தாம் உழுத நிலத்தை இழந்தனர். அவர்களை ஒன்றுதிரட்டும் பணியில் கோபாலன் ஈடுபட்டார். 1936இல் பசியின் கொடுமையை ஆட்சியாளருக்கு உணர்த்தக் கண்ணூரிலிருந்து சென்னைக்கு நடைப்பயணம் மேற்கொண்டார்.

நாடு விடுதலை பெற்ற நாளன்றும் அவர் சிறையிலேயே இருந்தார். விசாரணையின்றித் தம்மைக் காவலில் வைத்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1950இல் வெளிவந்த தீர்ப்பு அவருக்கு விடுதலை தரவில்லை. எனினும் தனிமனித உரிமை பற்றிய அவ்வழக்கைச் சட்டம் பயில்வோர் இன்றும் கற்கின்றனர்.

1952இல் முதல் மக்களவைக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போதிலிருந்து 1977 வரை ஐந்து மக்களவைகளில் தொடர்ந்து இடம்பெற்றார். குத்தகை உழவர், நிலமற்ற கூலியாளர் ஆகியோரின் குறைகளை அவையில் எடுத்துரைத்தார். அவையில் பேசியதோடு அவர் அமையவில்லை. இடுக்கி நீர்மின் திட்டத்திற்காக 1961இல் அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து உழவர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டுக் குமுளியை அடுத்த அமராவதியில் விடப்பட்டன. கொட்டும் மழையில் கூரையின்றி அவர்கள் வாடினர். கோபாலன் அங்கேயே சென்று உண்ணாநோன்பு இருந்தார். பொதுவுடைமைக் கொள்கையை எதிர்த்துவந்த பாதிரியார் வடக்கனும் அப்போராட்டத்தில் அவரோடு நின்றார். உழவரின் துயர் கொள்கை வேறுபாட்டையும் கடக்கச் செய்தது.

1975 ஜூன் மாதம் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தலைவர்கள் பலர் சிறைப்பட்டனர். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உள்ளாயின. ஜூலை 21ஆம் நாள் மக்களவை கூடியபோது, எழுபது வயதான கோபாலன் எழுந்து, கைதுகளையும் உரிமைகள் பறிக்கப்பட்டதையும் கண்டித்துப் பேசினார். ஆனால் எதிர்க்கட்சியினரின் பேச்சுகளைத் தடையின்றி வெளியிடும் உரிமை அன்று செய்தித்தாள்களுக்கு இல்லை. அவை நடவடிக்கைகளை அச்சிடும் இதழ்களுக்குப் பாதுகாப்பளித்த 1956ஆம் ஆண்டுச் சட்டமும் 1976இல் நீக்கப்பட்டது. அவையில் வாய் திறக்க முடிந்தாலும் ஊருக்குச் செய்தி செல்லும் வழி அடைபட்டது. உழவரின் குறையாயினும் வேறெவரின் குறையாயினும், அவ்வழி அடைபட்டால் சுவருக்குள்ளேயே அடங்கிவிடும்.

1977 மார்ச் 21ஆம் நாள் நெருக்கடி நிலை முற்றிலும் விலக்கப்பட்டது. மறுநாள், மார்ச் 22ஆம் நாள், கோபாலன் திருவனந்தபுரத்தில் காலமானார். இதழ்களுக்கான பாதுகாப்பு அதே ஆண்டில் புதிய சட்டமாக மீண்டும் வந்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. எனினும் அவையின் குரலும் அதை மக்களிடம் சேர்க்கும் இதழ்களின் உரிமையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. மலபார்க் குடியானவர்கள் நிலத்தை இழந்தது ஏன்?
2. அமராவதியில் கோபாலன் உண்ணாநோன்பு இருந்ததன் காரணம் யாது?
3. அவையில் பேசப்பட்டதைச் செய்தித்தாள்கள் வெளியிட இயலாவிட்டால் மக்களுக்கு நேரும் இழப்பு யாது? உம் சொந்த நடையில் எழுதுக.