குற்றாலத்தில் செடி தேடிய டாக்டர் ராபர்ட் வைட்: அவருக்காகப் படம் வரைந்த இருவர் யார்?

குற்றாலம்னா நமக்கு அருவியும் சாரலும்தான் ஞாபகம் வரும். ஆனால் சுமார் 190 வருடங்களுக்கு முன் இங்கே வந்த ஒரு ராணுவ டாக்டரின் கண் முழுக்க மலைச்சரிவுச் செடிகள் மேல்தான் இருந்தது. அவர்தான் ராபர்ட் வைட். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிப் படிப்பவர்கள் இன்றும் இவரைத் தாண்டிப் போக முடியாது.

யார் இந்த வைட்?

1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி சர்ஜனாக இந்தியா வந்தார். 1826-ல் மதராஸில் கம்பெனியின் இயற்கை ஆய்வாளர் பதவி கிடைத்தது. இரண்டே வருடத்தில் அந்தப் பதவியையே ரத்து செய்துட்டாங்க. நாகப்பட்டினத்துக்கு டாக்டராகப் போனார். ஆனாலும் செடி சேகரிப்பதை விடவில்லை. 1831-ல் விடுமுறையில் ஊருக்குக் கிளம்பியபோது சுமார் ஒரு லட்சம் உலர்செடி மாதிரிகளும் கூடவே கப்பல் ஏறின.

குற்றாலத்துக்கு எப்படி வந்தார்?

1834-ல் திரும்பியவருக்கு பெல்லாரியில் இருந்த படைப்பிரிவில் வேலை. அந்தப் படையோடு பாளையங்கோட்டைக்கு வந்தார். அங்கிருந்து குற்றாலம் சுமார் 60 கி.மீ.தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த ஈரமான அடிவாரம் அவருக்குப் புதையல் மாதிரி. குற்றாலத் தாவரங்களைப் பற்றி அவர் எழுதியது அன்றைய மதராஸ் அறிவியல் இதழில் வெளியானது.

கையால் வண்ணம் தீட்டிய படங்கள்

செடியைப் பற்றி எழுதினால் போதாது, படமும் வேண்டும். வைட் தேர்ந்தெடுத்தது கல் அச்சு. வழுவழுப்பான சுண்ணாம்புக்கல்லில் கொழுப்பு மையால் வரைவார்கள். கல்லை ஈரமாக்கி அச்சு மை தடவினால், கோடுகளில் மட்டும் மை ஒட்டும். அச்சான தாள்களுக்கு ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் பூசுவார்கள். 1838-ல் தொடங்கிய 'இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இண்டியன் பாட்டனி'யில் இப்படி 180-க்கும் மேற்பட்ட வண்ணப்படங்கள் உண்டு. 'ஐகோன்ஸ்' என்ற இன்னொரு நூல் 6 தொகுதிகள். அதில் 2,101 படங்கள், வண்ணம் இல்லாமல்.

வரைந்தது யார்?

இதுதான் முக்கியமான கேள்வி. வைட்டுக்காக வரைந்தவர்கள் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. அந்தக் காலத்தில் ஐரோப்பியர்களின் நூல்களுக்கு வரைந்த இந்திய ஓவியர்கள் பலருடைய பெயர் வெளியே வரவே இல்லை. வைட்டோ படங்களின் கீழ் ஓரத்தில் இவர்கள் பெயரை அச்சிட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயா' என்று பெயரும் வைத்தார். பின்னாளில் தாவரவியலாளர்கள் அதை 'ட்ரோபிடியா' என்ற வேறு பேரினத்தில் சேர்த்ததால் அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லாமல் போச்சு.

வைட் 1853-ல் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். 1871-ல் தன் செடி சேகரிப்பை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொடுத்தார். அடுத்த வருடமே காலமானார். அவருடைய வாழ்க்கை தேதி வாரியாகப் பதிவாகியிருக்கிறது. ரங்கையா, கோவிந்துவுக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. மூலப் படங்கள் பல எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் பத்திரமாக உள்ளன. 2007-ல் ஹென்றி நோல்டி வெளியிட்ட ஆய்வு நூலின் தலைப்பில்தான் வைட்டுடன் இவர்கள் இருவரின் பெயரும் சேர்ந்து நின்றது.

பழைய செடிப் படம் எதையாவது அடுத்த முறை பார்த்தால், பூவை ரசித்ததோடு நிறுத்தாமல் கீழ் ஓரத்தையும் ஒரு தடவை பாருங்கள். வரைந்த கையின் பெயர் அங்கே இருக்கலாம்.