பாப்ளர் நகர்த் தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரி

பொதுப்பணத்தை ஆளும் பொறுப்பை மேற்கொண்டோர்க்கு நேரும் இடர்கள் பல. அவற்றுள் பெரியது, வரவு சுருங்கிச் செலவு விரிந்து கணக்கில் துண்டு விழும் காலத்து நேர்வதாம். அப்போது வரியை எவர் தலைமேல் ஏற்றுவது, செலவை எவ்விடத்துக் குறைப்பது, வேலைக்காரர் கூலியில் கை வைக்கலாமா என்னும் வினாக்கள் ஒருங்கே எழுந்து, நேற்றுவரை நண்பராயிருந்தோரையும் இரு கட்சியாக்கிவிடும். இது நகரசபைகளுக்கு மட்டும் உரியதன்று; கோயில், பாடசாலை, சத்திரம், சங்கம் ஆகிய எல்லாவற்றிற்கும் பொதுவேயாம். இவ்வினாக்களுக்கு விடை காணும் முயற்சியில் சிறையும் புகுந்த ஓர் ஆங்கிலப் பெரியாரின் சரிதத்தை நம் சங்க அன்பர்களும் அவர்தங் குடும்பத்தாரும் அறிந்துகொள்ளுதல் நலமெனக் கருதி ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இளமையும் இல்லறமும்

ஜார்ஜ் லான்ஸ்பரி 1859ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இங்கிலாந்தின் சபோக் மாகாணத்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தனர். இவர் தந்தையார் இருப்புப்பாதை அமைக்கும் வேலையில் அமர்ந்தவர். வேலை சென்றவிடமெல்லாம் குடும்பமும் சென்றது. லான்ஸ்பரிக்கு ஒன்பது வயது அளவில் அக்குடும்பம் இலண்டன் மாநகரின் கீழ்ப்பகுதியில் வந்து தங்கிற்று. செல்வமும் அரண்மனைகளும் மேற்பகுதியிலும், துறைமுகமும் வறுமையும் கீழ்ப்பகுதியிலும் இருந்த காலம் அது. பதினான்காம் வயதோடு இவர் பள்ளிப் படிப்பு முடிந்தது. பின்னர்க் கற்றதெல்லாம் உழைப்பினாலும் மனிதர் கூட்டுறவினாலும் கற்றதேயாம்.

1880இல் மரத்தொழிற்சாலை உடையார் ஒருவரின் மகளாராகிய எலிசபெத் அம்மையாரை மணந்தனர். 1884இல் மனைவி மக்களோடு ஆஸ்திரேலியாவிலுள்ள குவின்ஸ்லாந்துக்குக் கப்பலேறினர். அங்கே பொன் விளையும் என்று ஆசை காட்டியோர் பலர். ஆனால் இவருக்குக் கிடைத்ததோ கல்லுடைத்தலும் கசாப்புக்கூட வேலையுமே. ஓராண்டில் திரும்பி வந்து, ஏழைகளை இவ்வாறு ஏமாற்றிக் கடல் கடத்தும் வழக்கத்தை எதிர்த்துப் பேசத் தொடங்கினர். இவரது பொது வாழ்வுக்கு அதுவே பிள்ளையார் சுழி என்னலாம். மாமனாரின் மரத்தொழிற்சாலையில் வேலை பார்த்து, அவர் காலத்திற்குப்பின் அதனைத் தாமே நடத்தினர். ஆதலின் கூலி வாங்குவோர் நிலையையும் கூலி கொடுப்போர் நிலையையும் ஒருங்கே அனுபவித்து உணர்ந்தவர் இவர் என்பதை நம்மவர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

ஏழை விடுதி

அந்நாளில் இங்கிலாந்தில் வேலையற்ற ஏழைகளுக்கும் முதியோர்க்கும் உதவுவதற்கென ஏழைப் பாதுகாப்பு மண்டலிகள் இருந்தன. உதவி கேட்டு வருவோர் வெட்கி ஓடும்படி விடுதிகளைக் கடுமையாய் நடத்துவதே செலவைக் குறைக்கும் வழியென்று அவை கருதின. 1893இல் பாப்ளர் மண்டலிக்கு லான்ஸ்பரி தேர்ந்தெடுக்கப்பட்டனர். உணவையும் உடையையும் சீர்படுத்தி, முதியோர்க்கு மானத்தோடு வாழும் வழி செய்தனர். இவருடைய நற்பெயர் பரவவே, 1905இல் அரசாங்கத்தார் ஏழைச் சட்டத்தை ஆராய அமைத்த ராயல் கமிஷனில் இவரும் ஓர் அங்கத்தினராயினர். வறுமையைத் தண்டிப்பதைவிட அதன் காரணங்களை நீக்குவதே அரசின் கடமை எனக் கொண்டு, பியாட்ரிஸ் வெப் அம்மையார் முதலியோருடன் சேர்ந்து 1909இல் வெளியான சிறுபான்மை அறிக்கையில் கையொப்பமிட்டனர்.

1910 டிசம்பரில் பார்லிமெண்டு அங்கத்தினராயினர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் கொள்கைக்காக 1912இல் அப்பதவியைத் தாமே துறந்து மறுபடியும் தேர்தலுக்கு நின்று தோல்வியுற்றனர். கையிலிருந்த பதவியைக் கொள்கைக்காக இழத்தல் எளிதன்று. ஆயினும் வாக்காளர் தம்மைக் கைவிட்டனரே என்று இவர் ஊரை வெறுத்ததில்லை. பத்தாண்டு அவ்வூர்த் தெருக்களிலேயே பணி செய்து, 1922இல் மீண்டும் அவர்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

நான்கு பவுன் கூலி

1919 நவம்பரில் நடந்த தேர்தலில் பாப்ளர் நகரசபையின் 42 ஸ்தானங்களுள் 39ஐத் தொழிற்கட்சியார் பெற்றனர். லான்ஸ்பரி அக்கட்சியின் முதல் நகர்த் தலைவராயினர். கவுன்சிலர்களுள் பலர் துறைமுகத்திலும் இருப்புப்பாதையிலும் உழைத்தவர்கள். 1920இல் நகரசபையார் தம்மிடம் வேலை செய்யும் வயது வந்தோர் எவர்க்கும், ஆணாயினும் பெண்ணாயினும், வாரம் 4 பவுனுக்குக் குறையாமல் கூலி கொடுப்பது எனத் தீர்மானித்தனர். தெருப் பெருக்குவோர் முதலாக அனைவர்க்கும் இது பொருந்தும். ஆண் பெண் இருபாலார்க்கும் ஒரே கூலி என்பது அந்நாளில் பலர் காதுக்கு விபரீதமாய் ஒலித்தது.

அடுத்த ஆண்டே உலகப் போருக்குப் பின் வந்த வியாபார மந்தம் துறைமுகத்தைத் தாக்கிற்று. கப்பல்கள் குறையவே கூலிகள் வேலையிழந்தனர். வேலையிழந்தோர்க்கு உதவும் பொறுப்பு அந்தந்த ஊர் வரியையே சார்ந்திருந்தமையின், ஏழைகள் மிக்க ஊரே ஏழைகளைத் தாங்க வேண்டியதாயிற்று. வீடுகளின் வாடகை மதிப்பில் ஒரு பவுனுக்கு ஒரு பென்னி வரி விதித்தால், செல்வர் வாழும் வெஸ்ட்மின்ஸ்டரில் பாப்ளரைப்போல் சுமார் ஒன்பது மடங்கு பணம் சேரும். உதவி வேண்டுவோரோ வெஸ்ட்மின்ஸ்டரில் சிலர், பாப்ளரிற் பல்லாயிரவர். ஓட்டைக் குடத்தை ஏழையின் தலையில் வைத்து, நீர் குறைந்தால் அவனையே வைதல் போன்றது இவ்வேற்பாடு.

இந்நிலையில் பாப்ளர் நகரசபையார்க்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கூலியையும் ஏழைகள் உதவியையும் குறைத்தல். மற்றொன்று, ஏற்கெனவே தாங்கொணா வரியை மேலும் உயர்த்துதல். இரண்டும் ஏழைகளையே வருத்தும். ஆதலின் மூன்றாவது வழியொன்றைத் துணிந்தனர். அவ்வூரார் தம் வரியோடு இலண்டன் கவுண்டி சபை, போலீசு, மருத்துவ விடுதி வாரியம், குடிநீர் வாரியம் ஆகிய பொது ஸ்தாபனங்களின் பங்கையும் வசூலித்துக் கொடுத்து வந்தனர். 1921 மார்ச்சு மாதத்தில், அப்பங்கை இனி வசூலிப்பதில்லை என்று நகரசபை தீர்மானித்தது.

சிறை வாசம்

கவுண்டி சபையார் உயர்தர நீதிமன்றத்தில் வழக்கிட்டனர். 1921 ஜூலை 29ஆம் நாள் பாப்ளர் கவுன்சிலர்கள் தண்டமேந்துவோன் முன் செல்ல, மேளம் முழங்க, சுமார் ஐந்து மைல் தூரம் ஊர்வலமாய் நடந்து நீதிமன்றம் சேர்ந்தனர். தீர்ப்பு அவர்களுக்கு மாறாயிற்று. கட்டளைக்குப் பணிய மறுக்கவே, செப்டம்பர் முதல் வாரத்தில் 30 கவுன்சிலர்கள் சிறைப்பட்டனர்; அவருள் 5 பேர் பெண்டிர். லான்ஸ்பரியும் இவர் மகன் எட்கரும் பிரிக்ஸ்டன் சிறையிலும், எட்கரின் மனைவி மின்னி ஹாலோவே சிறையிலும் இருந்தனர். பெண் கவுன்சிலர்களுள் ஒருவர் கருவுற்றிருந்தவர்.

சிறைக்கு வெளியே ஜனங்கள் நாள்தோறும் திரண்டனர். லான்ஸ்பரி தம் அறைச் சாளரத்தின் வழியே அவர்களுக்குப் பேசினர். நகரசபைக் காரியங்கள் தடைப்படாதிருக்க, சிறைக்குள்ளேயே சபை கூட அரசாங்கத்தார் இசைந்தனர். அதற்கெனப் பெண்களை மோட்டார் வண்டியில் ஹாலோவேயிலிருந்து பிரிக்ஸ்டனுக்குக் கொண்டுவந்தனர். சிறைக்கூடமே சபா மண்டபமான விந்தை இது. ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் ஆகிய அண்டை ஊர்ச் சபைகளும் இவ்வழியைப் பின்பற்றத் தீர்மானித்தமையின் அரசாங்கத்தார் கலங்கினர்.

ஆறு வாரங்கள் சென்றபின் அக்டோபர் 12ஆம் நாள் அவர்கள் விடுதலை பெற்றனர். அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட சட்டத்தால், வெளியில் வாழும் ஏழைகளுக்கான உதவிச் செலவின் பெரும்பகுதி இலண்டன் முழுவதற்கும் பொதுவான நிதியின்மேல் ஏற்றப்பட்டது. செல்வ ஊர்கள் அதிகமாய்க் கொடுத்தன; வறிய ஊர்கள் மூச்சு விட்டன. ஆயினும் இவ்வெற்றிக்கு லான்ஸ்பரி குடும்பம் பெருவிலை கொடுத்தது. மின்னி அம்மையார் விடுதலையான சில மாதங்களில், 1922 ஜனவரி முதல் நாள், நுரையீரற் காய்ச்சலால் மாண்டனர். வயது 32. தீர்மானங்களை எழுதுவது மைதான். அவற்றை நிலைநிறுத்துவது சிலர் உயிர் என்பதை இம்மரணம் நமக்கு உணர்த்துகின்றது.

எதிர்க்கட்சியார் கொள்கை

இவர் செய்ததே முழுவதும் சரியென்று அனைவரும் ஒப்பினரல்லர். தம் கட்சியாரே பலர் எதிர்த்தனர். அவருள் ஒருவர் ஹாக்னி நகர்த் தலைவராயிருந்த ஹெர்பர்ட் மாரிசன். சட்டத்தை மீறும் கட்சியிடம் நாட்டை ஒப்படைக்க ஜனங்கள் அஞ்சுவர் என்பதும், தேர்தலில் வென்று சட்டத்தை மாற்றுவதே நேர்வழி என்பதும் அவர் கொள்கை. அன்றியும் வரி கொடுப்போருள் சிறு கடைக்காரரும் கைம்பெண்களும் உண்டன்றோ? விலைவாசி இறங்கிய பின்னும் கூலியைக் குறையாதிருத்தல் அவர்க்குச் செய்யும் அநீதியாகாதா என்று பலர் வினவினர்.

அவ்வினாவே நீதிமன்றம் ஏறிற்று. 1922 மார்ச்சோடு முடிந்த ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்த ஜில்லா ஆடிட்டர், 4 பவுன் கூலி அளவுக்கு மிஞ்சியது எனக் கூறி, 5,000 பவுனைக் கவுன்சிலர்கள் தம் கைப்பொருளிலிருந்து கட்டவேண்டும் என்று விதித்தார். மேல் வழக்கு மன்றத்தில் கவுன்சிலர்கள் வென்றனர். ஆயினும் 1925இல் பிரபுக்கள் சபை அதனை மாற்றி ஆடிட்டர் பக்கமே தீர்ப்பளித்தது. பிறர் பணத்தைக் காப்போர் தர்மகர்த்தர் போன்றவர். தம் கருணைக்காகவோ, ஆண் பெண் சமத்துவக் கொள்கைக்காகவோ அதனை வரம்பின்றிச் செலவிடலாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. பொதுப்பணத்தைத் தாராளமாய்ச் செலவிடுவோரைப் பழிக்கப் பாப்ளரிசம் என்னும் சொல்லும் ஆங்கில மொழியில் வழங்கலாயிற்று.

நாம் இரு பக்கமும் நோக்குமிடத்து, தர்மகர்த்தர் என்னும் உவமை மெய்யேயாம். கொடுத்தவன் கணக்குக் கேட்க உரிமையுடையவன். ஆனால் கோயிற் பணத்தைக் காக்கும் தர்மகர்த்தர், விளக்கேற்றும் வேலையாளைப் பட்டினியிட்டுப் பணம் மிச்சம் பிடித்தால் அதனைத் தர்மம் என்போமா? பெண் கூலியை ஆண் கூலியோடு ஒக்க வைத்தலை அந்நீதிபதிகள் வீண் ஆசை என்று எண்ணினர். பிற்காலத்தே 1970இல் அதே நாட்டுப் பார்லிமெண்டு சம வேலைக்குச் சமக் கூலிச் சட்டம் இயற்றிற்று.

நாட்டுக் கணக்கிலும் துண்டு

1929இல் மந்திரியான லான்ஸ்பரி அரசாங்கப் பூங்காக்களை ஏழைகளுக்குத் திறந்து, இலண்டனில் ஹைட் பூங்கா ஏரியில் ஆணும் பெண்ணும் குழந்தைகளும் நீராடத் துறையமைத்தனர். 1931இல் நாட்டுக் கணக்கில் 12 கோடி பவுன் துண்டு விழும் என ஒரு கமிட்டி கூறி, வேலையற்றோர் உதவியையும் ஆசிரியர் முதலிய அரசாங்கச் சிப்பந்திகள் சம்பளத்தையும் குறைக்கச் சொல்லிற்று. வேலையற்றோர் உதவியைக் குறைப்பதை எதிர்த்த மந்திரிகளுள் இவரும் ஒருவர். மந்திரி சபை பிளவுபட்டுக் கவிழ்ந்தது. பின்வந்த கூட்டு அரசாங்கம் சம்பளத்தைக் குறைக்க முற்பட, இன்வர்கார்டன் துறையில் கடற்படை மாலுமிகள் வேலை செய்ய மறுத்தனர். பின்னர் அக்குறைப்பு நூற்றுக்குப் பத்து என்னும் அளவில் நின்றது.

அவ்வாண்டுத் தேர்தலில் தொழிற்கட்சி சிதறிற்று. அக்கட்சியின் பழைய மந்திரி சபையினருள் மீண்டும் வென்றவர் லான்ஸ்பரி ஒருவரே. எழுபத்திரண்டு வயதில் தலைமை தாங்கிக் கட்சியைக் காத்தனர். போரே ஆகாது என்னும் தம் கொள்கையைக் கட்சி ஏற்காமையால் 1935இல் விலகினர். 1937இல் ஹிட்லரையும் முசோலினியையும் நேரிற் கண்டு சமாதானம் பேசினர். அவர்களை நம்பியது இவர் பிழையேயாம். 1940 மே 7ஆம் நாள் காலஞ்சென்றனர்.

இப்பெரியார்க்கும் நம் நாட்டிற்கும் தொடர்பு உண்டு. அடையாற்றிலிருந்து தொண்டு செய்த அன்னி பெசண்ட் அம்மையார்க்கு இவர் நண்பர். இந்தியாவுக்குத் தன்னாட்சி வேண்டி அம்மையார் முயற்சியால் எழுந்த மசோதாவை 1925இல் பார்லிமெண்டிற் கொண்டுவந்தவர் இவரே.

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்களே, நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுவிற் சேர்த்தனர். நூறு மூட்டை விற்றவன் நூறு பங்கும், ஒரு மூட்டை விற்றவன் ஒரு பங்கும் கொடுத்தனர். எளியவன் தெருவிலுள்ள கிணற்றுக்கு எளியவனே செலவிடுக என்று அவர் சொன்னதில்லை. பாப்ளர் நகரத்தார் சிறை சென்று கேட்டதும் இவ்வளவே. நம் சங்கப் பாடசாலையிலோ விடுதியிலோ கணக்கில் துண்டு விழுந்தால், ஆசிரியர் சம்பளத்தையும் சமையற்காரர் கூலியையும் குறைக்கும் தீர்மானம் முதலில் எழுதப்படுதல் எளிது. அவர்கள் சபையில் இல்லையன்றோ? அத்தீர்மானத்தில் கையொப்பமிடுமுன், வசதியுடையோர் தம் பங்கை நிறையக் கொடுத்தோமா என்று தம்மைத் தாமே வினவுதல் வேண்டும். அவ்வாறே கூலியை உயர்த்தக் கை தூக்குவோரும், அப்பணம் எவர் வீட்டிலிருந்து வருகின்றது என எண்ணிக் கணக்கைத் தெளிவாய் வைத்தல் வேண்டும். கணக்கும் கருணையும் ஒன்றையொன்று காத்து நிற்குமிடத்தே சங்கம் தழைக்கும்.