குஸ்டாவ் ஈபெல்

குஸ்டாவ் ஈபெல் (டிசம்பர் 15, 1832 – டிசம்பர் 27, 1923) பிரான்சு நாட்டுக் கட்டுமானப் பொறியாளர் ஆவார். டிஜோன் நகரில் பிறந்தார். பாரிசின் ஈபெல் கோபுரம் (1889) இவரது நிறுவனத்தின் ஆக்கமாகும்.

இவருக்கு முதலில் பெரும்பெயர் ஈட்டித் தந்தது, போர்த்துகல்லின் போர்ட்டோ நகரில் டோரு ஆற்றை 160 மீட்டர் நீள ஒற்றை வளைவால் தாண்டும் மரியா பியா தொடருந்துப் பாலம் (1877) ஆகும். ஆழமும் நீரோட்டமும் மிகுந்த ஆற்றினுள் தூண் எழுப்புவது கடினம். எனவே தேனிரும்பு வளைவை இரு கரைகளிலிருந்தும் கம்பிவடங்களால் தாங்கியபடி நீட்டி நடுவில் இணைத்தனர். வடிவமைப்பில் பெரும்பங்கு நிறுவனப் பங்காளரான தியோபில் செய்ரிக்குடையது; புகழோ ஈபெலுக்கே சேர்ந்தது. செய்ரிக் 1879 இல் பிரிந்து சென்றார். அதே ஆற்றின் மேலுள்ள முதலாம் லூயிசு பாலத்தை (1886) வடிவமைத்தவரும் அவரே. அதையும் ஈபெலின் படைப்பெனப் பயணிகள் பலர் எண்ணுவதுண்டு. மரியா பியாவில் 1991 முதல் தொடருந்து ஓடுவதில்லை.

ஈபெல் தம் இறுதிக்காலத்தில் காற்றியக்கவியல் ஆய்வில் ஈடுபட்டார்.